ஆனையூர் வீட்டுக் குழாய்க்கு நான் போட்ட பூட்டு

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போனபோது என் மேசையில் ஓர் அச்சுப் படி கிடந்தது. ‘சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு’ என்று மேலாளர் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தார். தண்ணீரை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று எங்கள் அலுவலகம் பல மொழிகளில் போடுகிற சின்னப் பிரசுரம் அது. தமிழ்ப் படி என் பொறுப்பு. எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டே வந்தவள் ஆறாவது குறிப்பில் நின்றுவிட்டேன். ‘வீட்டுக்கு வெளியே உள்ள குழாய்க்குப் பூட்டுப் போடுங்கள்’ என்று இருந்தது. எழுதியது வேறு யாருமில்லை, நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியது. ஒவ்வொரு பதிப்பிலும் அது அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

அன்றைக்குத்தான் அம்மாவின் முதலாம் ஆண்டு திதி. காலையில் படத்துக்கு ஒரு முழம் பூகூடக் கிடைக்காமல், தொட்டியில் இருந்த ரோஜாவைப் பறித்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரை ஆனையூரில் அம்மா தனியாக இருந்த வீட்டில், வாசல் குழாய்க்கு நான் பூட்டுப் போட்டேன். தினமும் விடிந்ததும் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் பாக்கியம் அதோடு வருவதை நிறுத்திவிட்டாள். எட்டு மாதம் கழித்து அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஒரு பகல், ஓர் இரவு முழுக்க யாரும் பார்க்கவில்லை. நாலாவது நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

நல்லதுக்குத்தானே செய்தாய், விதி என்றால் நீ என்ன பண்ணுவாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் அம்மா இன்றைக்கு இருப்பாளா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு வருடமாக வேறு எதை யோசித்தாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறேன்.

2

நான் இருப்பது தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வறண்ட சின்ன நகரம். வந்து பத்தொன்பது வருடமாகிறது. நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தேன். கடை, முதியோர் இல்லம் என்று எங்கெங்கோ வேலை பார்த்துக் கடைசியில் நகராட்சியின் நீர்ப் பிரிவில் சேர்ந்தேன். வேலைக்கு விண்ணப்பித்த படிவத்தில் எந்தச் சமூகம் என்று கேட்டு வரிசையாகக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். ‘இந்தியத் துணைக்கண்டம், மற்றவை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மற்றவை என்று எழுதிக்கொள்ளக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அந்தக் கட்டத்தால்தான் வேலை கிடைத்தது என்பதும் உண்மை.

என் வேலை இதுதான். தண்ணீர்ச் சிக்கனத்தை ஒவ்வொரு சமூகத்தாருக்கும் அவரவர் வீட்டு வழக்கத்துக்கு ஏற்ற மாதிரி சொல்லவேண்டும். நான் சேர்ந்தபோது எல்லோருக்கும் ஒரே பிரசுரம்தான் போனது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்வெளிக்கு ரப்பர் குழாயால் தண்ணீர் விடுகிற படம். அதையே பத்து மொழியில் மாற்றி வைத்திருந்தார்கள். தமிழில் ‘நீர்க்கசிவுகளை அடையாளப்படுத்தி அறிக்கையிடவும்’ என்று இருந்தது. ‘குழாய் ஒழுகினால் எங்களுக்கு போன் பண்ணுங்கள்’ என்று மாற்றினேன். அதற்கே மூன்று கூட்டம் நடந்தது.

பிறகு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். தக்காளித் தோட்டம் வைத்திருந்த ஒரு கிரேக்கத் தாத்தா, தண்ணீரைக் குறையுங்கள் என்றதும் வாசலைச் சாத்திவிட்டார். அவருக்குத் தக்காளிதான் ஊர். அடுத்த முறை தோட்டத்தைப் பார்க்க மட்டும் போனேன். அதற்கடுத்த முறை, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊற்றினால் செடிக்கு நல்லது என்றேன், கேட்டுக்கொண்டார். ஆப்கானியப் பெண்களிடம் தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவர்களில் மூத்த அம்மா ஒருவரே, ஓடுகிற ஆற்றில் கழுவினாலும் வீண் பண்ணக்கூடாது என்பது எங்கள் மார்க்கத்தில் இருக்கிறதே என்று எடுத்துச் சொல்லி, மறு வாரம் பள்ளிவாசல் குழாயடியில் குவளைகளை வைக்க ஏற்பாடு செய்தார். நம்மவர்கள் கதை வேறு. வாளியில் மொண்டு குளிப்பதுதான் இருப்பதிலேயே சிக்கனம். ஆனால் வாளி வைத்திருப்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நாங்கள் ஷவரில்தான் குளிக்கிறோம் என்று என்னிடமே பொய் சொன்னார்கள். பாத்ரூமை எட்டிப் பார்த்தால் சிவப்பு வாளி சிரித்துக்கொண்டு நிற்கும்.

இதிலெல்லாம் பாடம் படித்துத்தான், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் ஒரு விதி சொல்லிக்கொடுப்பேன். ஒரு வீட்டுக்கு மூன்று முறை போ. முதல் இரண்டு முறை தண்ணீர் என்ற பேச்சையே எடுக்காதே. அந்த வீட்டில் தண்ணீரைச் சுற்றி யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று பார். இதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “என்ன எழுதியிருக்குன்னு தெரியல, நீ சிரிக்கிறது நல்லாருக்கு” என்றாள்.

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. பல் தேய்க்கும்போது குழாயை மூடுவாள், குளிக்கக் கடிகாரம் வைத்துக்கொள்வாள். தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னது அத்தனையும் கேட்பாள். தமிழில் பேசு என்று சொன்னது மட்டும் ஏறவில்லை. அம்மாச்சியோடு போனில் பேசச் சொன்னால், “நல்லா இருக்கேன் அம்மாச்சி, சாப்பிட்டேன் அம்மாச்சி” என்று இரண்டு வரி ஒப்பித்துவிட்டு என் கையில் கொடுத்துவிடுவாள். அந்தப் பக்கம் அம்மா அந்த இரண்டு வரியையே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

3

அப்பா போன பிறகு அம்மாவை இங்கே கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு முறை வந்தாள். மூன்று மாதத்தில் நாலு பேரைக்கூடப் பார்க்கவில்லை என்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். நான் ஒற்றைப் பிள்ளை. உறவு என்றால் ஒத்தக்கடையில் பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன் குடும்பம்தான். அவர்களும் விசேஷத்துக்குத்தான் வந்து போவார்கள். செக்கானூரணிப் பக்கத்து நிலத்தை விற்று அப்பா ஆனையூரில் கட்டிய வீட்டில் அம்மா தனியாக இருந்தாள்.

பாக்கியம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டியிருக்கிற தெருவில் இருப்பவள். அவளுடைய தாய் தகப்பன் காலம்வரைக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் வேலை செய்த குடும்பம். எங்கள் வீடு கட்டும்போது சித்தாளாக வந்தாள். புதுச் சுவர் காயாமல் இருக்க மூன்று வேளையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். வேலை முடிந்த பிறகும் வாசல் குழாயில் காலையில் இரண்டு குடம் பிடிக்க வருவாள். எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், குடிக்க ஆகாது. பாத்திரம் துலக்க, துணி அலச என்று கொண்டுபோவாள். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

அவள் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுக் கீழே உட்காருவாள். அம்மா படியில் உட்காருவாள். ஒருத்தி கீரை ஆய, ஒருத்தி வெறும் கையை ஆட்டிப் பேச, அரை மணி, முக்கால் மணி போகும். பாக்கியம் வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் குழாய்க்கு மேலே சுவர்மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். அதில்தான் காபி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சின்ன வயதில் அது என் கண்ணில் பட்டதேயில்லை.

போன வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மழை சரியாக இல்லை. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. போர் வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, “அக்கம்பக்கம் பூராம் போட்டுட்டாங்க, கீழ தண்ணி இறங்கிக்கிட்டே போகுது” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குள் இருந்த அலுவலர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வீடு முழுக்கச் சுற்றினேன். ஒழுகுகிற குழாய்களுக்கு வாஷர் மாற்றினேன். மாடித்தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க மிதவை போட்டேன். கடைசியில் வாசல் குழாய்க்கு வந்தேன். தெருவில் போகிறவர்கள் கையைக் கழுவுகிறார்கள், பூக்காரம்மா பூவுக்குத் தெளிக்கிறாள், பாக்கியம் குடத்தோடு வருகிறாள். பிளம்பரை வரச்சொல்லி, சாவி போட்டுத் திறக்கிற பித்தளைக் குழாய் ஒன்றை மாட்டச் சொன்னேன்.

“போகட்டும்டி. ரெண்டு கொடத்துல என்ன கொறஞ்சு போகப் போகுது?” என்றாள் அம்மா.

“ரெண்டு குடம் ரெண்டு குடம்னுதான்ம்மா போகும். நாளைக்கு உனக்கே இல்லாமப் போனா என்ன பண்ணுவ? நான் அங்க உக்காந்துக்கிட்டுத் தண்ணி அனுப்பவா?”

“பாக்கியம் வந்தா என்னன்னு சொல்லட்டும்?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்றேன்.”

சொன்னேன். மறுநாள் காலையில் அவள் வந்ததும் எதிரே நானும் தரையில் உட்கார்ந்தேன். நிலத்தடி நீர் என்றால் என்ன என்று மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் ஒரே பாத்திரத்தில் இருந்து மொண்டால் என்ன ஆகும் என்றேன். குற்றம் சொல்கிற தொனி வராமல், அதட்டாமல், என் பயிற்சியெல்லாம் சேர்த்துப் பேசினேன். பாக்கியம் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

“சரிதேன் பாப்பா. இம்புட்டு வெவரமா யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல. தண்ணின்னா சும்மாவா? நீங்க போட்டது சரிதேன்” என்றாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்து, “வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா உள்ளே போய்விட்டாள். எனக்கானால் உள்ளுக்குள் ஒரே பெருமை. கிரேக்கத் தாத்தாவுக்கு மூன்று முறை போகவேண்டியிருந்தது, பாக்கியத்துக்கு ஒரே முறை போதுமாக இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

4

திரும்பி வந்த பிறகு போனில் அம்மா பேச்சு மாறியது. முன்னே எல்லாம் அந்தத் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்று எனக்குத் தேவையில்லாத செய்தியெல்லாம் வரும். அது நின்றுபோனது. டிவியில் பார்த்த கதையைச் சொல்வாள், அல்லது நீ சொல்லு என்பாள்.

“பாக்கியம் வர்றதில்லடி” என்றாள் ஒரு நாள்.

“குழாயடியில இப்ப தண்ணி தேங்கல, கொசு இல்லைல்ல?” என்று நான் கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

“கொசு இல்ல” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “வீடு வெறிச்சுன்னு கெடக்கு” என்றாள். வீடியோவில் பேசலாம் என்று சொல்லி, இனியாவைக் கூப்பிட்டு முகத்தைக் காட்ட வைத்தேன். “நல்லா இருக்கேன் அம்மாச்சி, சாப்பிட்டேன் அம்மாச்சி” என்றாள்.

அம்மா விழுந்த அன்றைக்கு எனக்கு நாள் முழுக்க வகுப்பு. புதிதாக வந்திறங்கிய குடும்பங்களுக்குக் குழாய், மீட்டர், பில் எல்லாம் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். வகுப்பு முடிந்து கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஊரில் அப்போது மத்தியானம். ஆவணி மாசம், முகூர்த்த நாள். ஒத்தக்கடையில் முருகேசன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று சொன்னாளே, அங்கே போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன். கல்யாணம் அடுத்த வாரம். தேதியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை பால் போடுகிறவர் வந்தபோது, முதல் நாள் பாக்கெட் கேட்டில் பைக்குள் அப்படியே தொங்கியிருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்லி, கதவை உடைத்திருக்கிறார்கள். முருகேசன் அண்ணன் எனக்கு போன் பண்ணினார்.

“தாயி, பதறாத. சித்தி விழுந்துருச்சு. இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். நீ கெளம்பி வா.”

கிளம்புவதற்கும் ஒரு படிவம். யார் நோயாளி, உங்களுக்கு என்ன உறவு, நீங்கள்தான் அவரைக் கவனித்துக்கொள்ளும் முதன்மைப் பராமரிப்பாளரா? அந்தக் கேள்விக்கு ஆம் என்று போட்டால்தான் விடுப்பு உடனே கிடைக்கும். போட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குக் கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன், அது என் கையைப் பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் ஈரத்தரையில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாகிவிட்டது என்றார் டாக்டர். “விழுந்த உடனே கொண்டாந்திருந்தா இவ்வளவு சிக்கல் வந்திருக்காதும்மா” என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். விடிந்ததும் குளிக்கப் போனவள் அம்மா. அதற்கு அரை மணி கழித்து முப்பது வருடமாகப் பாக்கியம் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

5

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். வாசலில் பந்தலுக்குக் கீழே அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். முருகேசன் அண்ணன் குழாயைத் திருகப் போனார், திருகவில்லை.

“சாவி எங்க தாயி?”

எனக்குத் தெரியவில்லை. பீரோவில் தேடினார்கள், அடுப்படியில் தேடினார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து ஆளுக்கொரு பக்கம் சாவி தேடினார்கள். நேரமாகிறது என்று கடைசியில் அண்ணன் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை நாலு போடு போட்டார். குழாயே பிய்ந்து தண்ணீர் பீறிட்டு, பந்தல்காரர் துணியை வைத்து அடைக்கவேண்டியதாகிவிட்டது. அம்மாவைக் குளிப்பாட்டியது போக மிச்சத் தண்ணீர் தெருவில் ஓடியது. நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாக்கியம் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று அழுததைப் பார்த்தேன். கூட்டத்தில் என்னால் போக முடியவில்லை. அம்மாவைத் தூக்கும்போது திரும்பிப் பார்த்தேன், மரத்தடியில் அவள் இல்லை.

சாவி நாலாம் நாள் கிடைத்தது. காரியத்துக்காக வெள்ளையடிக்க வந்தவர்கள் சுவர்மாடத்தை ஒதுக்கியபோது, கவிழ்த்து வைத்திருந்த பாக்கியத்தின் டம்ளருக்கு அடியில் இருந்தது. அம்மா அதை வைத்துக்கொள்ள வேறு இடம் பார்க்கவில்லை.

இதுவரை பாக்கியத்தை நான் அவள், இவள் என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கவனித்திருப்பீர்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இங்கே ஆப்கானிய அம்மாவை எப்படிக் கூப்பிடவேண்டும், வியட்நாமியப் பெரியவருக்கு எந்தக் கையால் காகிதம் நீட்டவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறவள் நான். ஊரில் பாக்கியத்தைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், பத்து வயதில் இருந்து. அவர் என்னை நீங்க வாங்க என்றார். மேலே எழுதியதைத் திருத்தலாமா என்று பார்த்தேன். நான் இருந்தது அப்படித்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

இனியாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவளுக்குப் பரீட்சை. போனில் எல்லாவற்றையும் கேட்டாள். பூட்டைப் பற்றியும் சொன்னேன், யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது.

“நீ எல்லாரையும் முதல்ல கேப்பியே அம்மா” என்றாள், தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. “அம்மாச்சிய ஏன் கேக்கல?”

6

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வாரிசுச் சான்றிதழ் மனுவை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டி அந்தத் தெருவுக்குப் போனேன். எங்கள் வீட்டில் இருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். அதுவரை நான் போனதில்லை. அம்மாவும் போனதில்லை என்றுதான் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, நீ வந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளே என்று சண்டை போடப் போனேனா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை வீடு. பாக்கியம் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க பாப்பா. சொல்லி விட்டுருந்தா நானே வந்துருப்பேன்ல.”

அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாய் வரவில்லை. பேரையும் சொல்ல முடியவில்லை. ஒன்றுமே கூப்பிடாமல் உட்கார்ந்தேன்.

குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வாசலுக்குப் போனார். அப்போதுதான் பார்த்தேன். வாசல் ஓரமாக, சிமென்ட் மேடை கட்டி, மாநகராட்சிக் குழாய் இருந்தது. சொம்பை வைத்துத் திருகினார், தண்ணீர் விழுந்தது.

“இந்தக் குழாய் எப்ப வந்துச்சு?” என்றேன்.

“அது ஆச்சு பாப்பா, ரெண்டு வருசத்துக்கும் மேல. தெருவுக்கே குடுத்தாக.”

நான் பூட்டுப் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்பறம் ஏன் எங்க வீட்டுக்கு வந்தீங்க? தண்ணிக்கு?”

பாக்கியம் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

“உங்கப்பா போனப்புறம் உங்கம்மா ஒத்தையிலதான இருந்தாக” என்றார். “காலையில போயி ஒரு எட்டுப் பாத்துட்டு, நாலு வார்த்த பேசிட்டு வந்தா எனக்கும் நல்லாருக்கும். அவுகளுக்கும் நல்லாருக்கும். சும்மா கைய வீசிக்கிட்டு வந்து உங்க வாசல்ல உக்கார முடியுமா? தெருவுல பாக்குறவுக என்னான்னு கேக்க மாட்டாகளா? உங்க சொந்தக்காரவுக வந்தா, இவ எதுக்கு இங்கன உக்காந்துருக்கான்னு நெனைக்க மாட்டாகளா? கொடம் இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக.”

“அம்மாவுக்குத் தெரியுமா, உங்களுக்குக் குழாய் வந்தது?”

“தெரியாமயா? வந்த அன்னைக்கே போயிச் சொன்னேன். ‘வந்தா வந்துட்டுப் போகுது, நீ கொடத்த எடுத்துக்கிட்டு எப்பயும் போல வாடி’ன்னாக.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அந்தத் தண்ணிய என்ன செய்ய? முருங்கைக்கு ஊத்துவேன். அதுவும் உப்புத் தண்ணி.”

நான் சொம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“அப்ப பூட்டுப் போட்டப்ப என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“என்னன்னு சொல்லட்டும்? தண்ணிக்கு வரல பாப்பா, உங்கம்மாகூட ஒக்காந்து பேச வந்தேன்னா? அத எப்பிடி வாயத் தொறந்து சொல்றது?”

“பூட்டுக்கு அப்பறம் அம்மா கூப்பிடவே இல்லையா?”

“கூப்ட்டாக. ஒரு நா கடைக்குப் போகயில பாத்து, ‘சாவி எங்கிட்டதான இருக்கு, தொறந்து விடுறேன் வாடி’ன்னாக. நாந்தேன் மாட்டேன்னுட்டேன். பாப்பா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து, தரையில உக்காந்து, படம் போட்டு எடுத்துச் சொல்லிட்டுப் போயிருக்கு. அத மீறிட்டு நான் கொடத்தோட வந்தா, அது நல்லாவா இருக்கும்? நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்லயே.”

என் வேலையில் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்பார்கள், பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் பழையபடியே செய்வார்கள். ஒரு சொல் விடாமல் கேட்டு, அப்படியே நடந்துகொண்டவர் என்றால் இவர் ஒருவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சண்டை போட வந்ததும் மன்னிப்புக் கேட்க வந்ததும் இரண்டுமே வாயில் வரவில்லை. அவர் எழுந்து வந்து என் தலையைத் தொட நினைத்து, கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, “அழுகாதீக பாப்பா, அழுகாதீக” என்று மட்டும் சொன்னார். நான்தான் அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், ஏதாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்ற அவசரத்தில் சொன்னேன்.

“வாசல்ல புதுக் குழாய் மாட்டச் சொல்லியிருக்கேன். பூட்டு இல்ல. கேட்டையும் சும்மா சாத்தி வைக்கச் சொல்றேன். நீங்க எப்ப வேணாலும் வந்து தண்ணி பிடிச்சுக்கங்க.”

பாக்கியம் என்னைப் பார்த்தார்.

“அங்க இனி யாரு பாப்பா இருக்கா?” என்றார்.